குண்டு வந்த வழி

துப்பாக்கிக் குண்டு எந்தத் திசையில் போகும் என்பதைத் துப்பாக்கிதான் தீர்மானிக்கிறது என்று மேல்நாட்டு விஞ்ஞானிகள் பல நூறு ஆண்டுகளாக எண்ணி ஏமாந்துகொண்டிருந்தார்கள். அதைத் தீர்மானிப்பது இலக்கணம் என்று 1961ஆம் ஆண்டில் நிரூபித்துக் காட்டிய பெருமை சேலம் ஜில்லாவுக்கே உரியது. அந்த நிரூபணத்துக்கு மூலபுருஷர் கரட்டுச்சந்தை ஆஸ்பத்திரியின் இரண்டாம் எழுத்தர் தோமினிக். அவருக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. பேனா பிடிக்கத் தெரியும். ஓர் ஆளை உள்ளே தள்ள அது தாராளமாகப் போதும் என்பது பின்னால் தெரியவந்தது.

அந்த ஆண்டு ஆபீசுகளில் தமிழ் ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. 'இனி எல்லா நடவடிக்கைகளும் எளிய தமிழில், சுருக்கமாக இருக்கவேண்டும்' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கை இங்கிலீஷில், பதினான்கு பக்கத்துக்கு இருந்தது. அதை முழுதாகப் படித்துப் புரிந்துகொண்டவர் ஆஸ்பத்திரியில் தோமினிக் ஒருவர்தான். ஆகவே தமிழ் அவர் தலையில் விழுந்தது. செவ்வாய்ப்பேட்டைக்காரரான அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இலக்கணத்தில் ஆசை உண்டு. ஆபீசில் அதைக் காட்ட இருபது வருஷமாக வாய்ப்பில்லாமல் இருந்தது. ஒரே மாதத்தில் ஆஸ்பத்திரி முழுவதையும் அவர் தமிழாக்கினார். கம்பவுண்டருக்கு 'மருந்து கலக்குநர்' என்று பலகை மாட்டினார். தண்ணீர் கலப்பதைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று எண்ணி, கம்பவுண்டர் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

இந்த நிலையில்தான் யூனியன் சேர்மன் நாச்சிமுத்து சுடப்பட்டார்.

சந்தை நாள். சாயங்காலம் ஐந்தரை மணி. வெளிச்சம் நன்றாக இருந்தது. சந்தைத் திடலில் மேடை போட்டு, மேடையின் முன்விளிம்பில் மைக் வைத்து, மைக்குக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். சேர்மனுக்கு நேர் பின்னால் வைஸ் சேர்மன் அத்தியப்பன் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே கட்சி. ஒரே கட்சி என்பதால் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஓடையில் கட்டவேண்டிய தடுப்பணைக்காக அரசாங்கம் சிமெண்ட் அனுப்பியிருந்தது. தடுப்பணை எழும்பவில்லை. அத்தியப்பன் வீட்டில் மாடி எழும்பியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகச் சேர்மன் நினைத்தார். பொதுவாழ்வில் இருப்பவர்கள் நினைக்கக் கூடாத பல விஷயங்களில் அதுவும் ஒன்று.

சேர்மன் மைக்கைப் பிடித்து, "நம்ம தடுப்பணைக்கு வந்த சிமெண்டு எந்த வழியா வந்துது, எந்த வழியாப் போச்சுன்னு இன்னைக்கு ஒடச்சுச் சொல்லிப்போடறேனுங்க" என்றார்.

முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த சின்னண்ணன் எழுந்து நின்று கையைத் தூக்கினார். கடலைக்காய் வெள்ளாமை செய்கிறவர், எதிர்க்கட்சி. "சொல்லுங்க. அதக் கேக்கத்தானுங்க வந்துருக்கறோம்" என்றார்.

ஒரு சத்தம் கேட்டது. சேர்மன் மைக்கோடு சேர்ந்து முன்பக்கமாக விழுந்தார். அத்தியப்பன் தோளிலிருந்த பெரிய துண்டைக் கையோடு சுருட்டி, முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். துண்டுக்குள் வேறென்ன சுருண்டிருந்தது என்று பார்க்க, அந்தத் துக்க வேளையில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் காலை பிரேதப் பரிசோதனை நடந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, இங்கிலீஷில் எழுதிய தாளைத் தோமினிக்கிடம் நீட்டினார்.

"ஒரே குண்டுதான்யா. முதுகுல சின்ன ஓட்டை, விளிம்பு உள்பக்கமா மடங்கியிருக்கு. நெஞ்சுல பெரிய ஓட்டை, சதை வெளியே பிதுங்கியிருக்கு. முதுகுப் பக்கம் சட்டை கருகியிருக்கு, கிட்டத்துல இருந்து சுட்டிருக்கான். வயித்துல ரவை உப்புமா, அதுகூடச் செரிக்கல. தமிழ்ல எழுதிடுங்க."

தோமினிக் பத்து மணிக்கு எழுத உட்கார்ந்தார். குண்டு நுழைந்த காயத்துக்கும் வெளியேறிய காயத்துக்கும் நல்ல தமிழ்ச் சொல் வேண்டும். 'புகுபுண்' என்று எழுதினார், அடித்தார். 'புறப்பாட்டுப் புண்' என்று எழுதினார். சப்பரம் கிளம்புவதுபோல் இருந்தது, அதையும் அடித்தார். சுற்றறிக்கை எளிய தமிழ் கேட்கிறது. படிவத்திலோ பாதி இடத்தை அரசு முத்திரை எடுத்துக்கொண்டு, காயங்களுக்கு இரண்டு வரி மட்டும் விட்டிருந்தது. பகல் சாப்பாட்டு மணி அடிக்கும்போது அவருக்கு அருள் வந்தது. எழுதினார்:

'குண்டு வந்த வழி: முதுகு. குண்டு போன வழி: மார்பு. சட்டை: கருகல். இரைப்பை: ரவை.'

மூன்று முறை படித்துப் பார்த்தார். ஒரு சொல் கூடவுமில்லை, ஒரு சொல் குறையவுமில்லை என்று தோன்றியது. அன்று அவர் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டியது. டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தமிழின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த வாரம் டாக்டருக்கு லண்டனில் மேல்படிப்புக்கு உத்தரவு வந்தது. ஆறு வருஷமாக அவர் மனுப் போட்டும் அசையாத உத்தரவு, அத்தியப்பன் ஒருமுறை சென்னைக்குப் போய் வந்ததும் அசைந்தது. டாக்டரின் இங்கிலீஷ் தாளைப் பதிவுத் தபாலில் சென்னைக்கு அனுப்பினார்கள். வந்துசேரவில்லை என்று சென்னை சொன்னது. அதனால் யாரும் கவலைப்படவில்லை. தமிழ்தான் இருக்கிறதே.

பதினாறாம் நாள் இரங்கல் கூட்டம். காயம் எங்கே என்ற விஷயத்தில் ஊரில் முணுமுணுப்பு இருந்தது. பிரேதத்தைக் குளிப்பாட்டிய உறவுக்காரர்கள், முதுகில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை என்றும் நெஞ்சில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தியப்பன் அந்தக் குழப்பத்தை ஒரே பேச்சில் தீர்த்துவைத்தார்.

"புறமுதுகு காட்டாத இனமுங்க நம்ம இனம். நம்ம சேர்மன் நெஞ்சில விழுப்புண் ஏந்தி வீழ்ந்தாருங்க. முதுகில புண்ணுன்னு சொல்றவன் அவர இன்னொரு தரம் கொல்றானுங்க. அப்படிச் சொல்றவன் ஆராச்சும் இருந்தா எந்திரிக்கட்டும் பாக்கலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டியவர்களும், செத்தவரின் கூடப் பிறந்த அண்ணனும் எழவில்லை. தம்பி முதுகில் புண்பட்டுச் செத்தான் என்று எந்த அண்ணன் எழுந்து நின்று சொல்வான்? 'சேர்மன் அவர்கள் மார்பில்தான் சுடப்பட்டார்' என்ற தீர்மானம் கைதட்டலோடு ஏகமனதாக நிறைவேறியது. உலகத்தில் தீர்மானம் போட்டு ஒரு புண்ணை முதுகிலிருந்து மார்புக்கு மாற்றிய முதல் கூட்டம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். மார்பில் சுட்டால் சுட்டவன் முன்னால் நின்றிருக்க வேண்டும். முன்னால் நின்றவர் சின்னண்ணன். மறுநாள் காலை, கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து தோமினிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க சர்ட்டிபிகேட்தான் சார் கேஸுக்கே முதுகெலும்பு."

"முதுகுதாங்க" என்றார் தோமினிக். "குண்டு முதுகுலதான் நுழைஞ்சது."

"அப்படி எங்கே எழுதியிருக்கீங்க?"

"வந்த வழி முதுகுன்னு எழுதியிருக்கேனே."

"ஆமா. போன வழி மார்பு. அதாவது, மார்பு வழியா உள்ளே போச்சு. வந்த வழி முதுகு. முதுகு வழியா வெளியே வந்துச்சு. அட்சரம் பிசகாம எழுதியிருக்கீங்க."

தோமினிக் தாளை வாங்கிப் படித்தார். இன்ஸ்பெக்டர் படித்தபடியும் படிக்க முடிந்தது.

"உள்ளே வந்த வழி, வெளியே போன வழி. அதுதாங்க நான் நினைச்சு எழுதினது."

"'உள்ளே' எங்கே இருக்கு? 'வெளியே' எங்கே இருக்கு?"

"சுருக்கமா எழுதச் சொல்லி உத்தரவுங்க."

"உத்தரவுப்படி நடந்திருக்கீங்க. நாங்களும் உத்தரவுப்படிதான் நடக்கிறோம்" என்று இன்ஸ்பெக்டர் மறுபடியும் கையைக் குலுக்கினார்.

சென்னையிலிருந்து துப்பாக்கி நிபுணர் ஒருவர் வந்தார். சின்னண்ணன் வீட்டு உத்தரத்தில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியை மூன்று நாள் ஆராய்ந்தார். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கி, பன்றியே பயப்படாத துப்பாக்கி அது. சில சிறிய இடையூறுகள் இருந்தன. முதலாவது, குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. 'குளவி சுறுசுறுப்புள்ள பூச்சி. சுட்ட பிறகு கட்டியிருக்கலாம்' என்று நிபுணர் எழுதினார். துப்பாக்கி நாலரை அடி நீளம். கூட்டத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. 'மக்கள் பேச்சில் மெய்ம்மறந்திருந்தனர்' என்று எழுதினார். சின்னண்ணன் வெறுங்கையைத் தூக்கியதை மட்டும் முன்னூறு பேர் பார்த்திருந்தார்கள். அது குறிபார்த்தது. முதுகுப் பக்கம் சட்டை கருகியிருந்தது. அது சலவைக்காரரின் இஸ்திரிப்பெட்டி.

பெரிய இடையூறு ஒன்றுதான். சேர்மனின் உடம்பில் புகுந்தது ஒரு கைத்துப்பாக்கிக் குண்டு. நாட்டுத் துப்பாக்கியிலோ ரவை என்னும் பொடிக்குண்டுகளைத்தான் போட்டுச் சுட முடியும். நிபுணர் அன்று முழுவதும் சோர்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் தோமினிக்கின் சான்றிதழை எடுத்து, கடைசி வரியில் விரலை வைத்தார். 'இரைப்பை: ரவை.'

நிபுணரின் அறிக்கை முடிந்தது.

அறிக்கை வெளிவந்த அன்று மாலை செவ்வாய்ப்பேட்டை வீட்டில் தோமினிக்கின் மனைவி அந்தோணிமேரி பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, புருஷனிடம் கேட்டாள்: "ஏங்க, செத்தவர் வயித்துல ரவை இருந்துச்சாமே. சுட்டதுல போனதா?"

"சாப்பிட்டதுல போனது. உப்புமா."

"அப்போ உப்புமா கிண்டினவளைப் பிடிக்காம, கடலைக்காய்க்காரனை எதுக்குப் பிடிச்சாங்க?"

அன்றைக்குத்தான் தோமினிக்குக்குத் தலைமை எழுத்தர் பதவி உயர்வும், ஜில்லா விழாவில் 'ஆட்சிமொழிச் செம்மல்' பட்டம் தருவதாகக் கடிதமும் வந்திருந்தன. இரண்டையும் அவர் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

அடுத்த நாள் சின்னண்ணனின் மனைவி பெருமாயி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் ஒரு பை நிறையப் பச்சைக் கடலைக்காய். ஆபீசுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்கதானுங்களா எழுதுனது, சாமி?"

"நான்தாம்மா."

"ரண்டே வார்த்தைதான் எடக்கு மடக்காக் கெடக்குதுன்னு வக்கீலு சொல்றாருங்க. அத மாத்திப்போட்டா எங்கூட்டுக்காரரு ஊடு வந்து சேந்துருவாராமா. மாத்திப்போடுங்க, சாமி. ரண்டு வார்த்தைக்கு ஒரு மனுசன் சாவோணுமுங்களா?"

தோமினிக்கால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அரசு ஆவணத்தில் தாமாக எதையும் திருத்த முடியாது என்றும், திருத்த அனுமதி கேட்டு எழுதுவதாகவும் சொன்னார். கடலைக்காயைத் திருப்பிக் கொடுத்தார். எழுதவும் செய்தார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: 'தங்கள் சான்றிதழ் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. அதில் எழுத்துப் பிழையோ சந்திப் பிழையோ காணப்படவில்லை. பொருட்பிழைகளைத் திருத்த இவ்வலுவலகத்துக்கு அதிகாரமில்லை.'

சனிக்கிழமை மாதா கோவிலில் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டார்.

"சாமி, ஒரு சொல்லை விட்டுட்டேன்."

"கெட்ட சொல்லா?" என்றார் உள்ளேயிருந்த சாமியார்.

"இல்ல சாமி. 'உள்ளே'ங்கிற சொல்."

சாமியார் நாற்பது வருஷமாகப் பலவகைப் பாவங்களைக் கேட்டவர். இது புதிது. முழுவதும் கேட்டுக்கொண்டு, "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? கோர்ட்டுல போய்ச் சொல்லு. அதுதான் உன் பாவத்துக்கு அபராதம்" என்றார்.

தோமினிக் சொன்னார். அதை அவர் கணக்கில் வரவு வைத்தே ஆகவேண்டும். பதவி உயர்வைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கோர்ட்டுக் கூண்டில் ஏறி, வேதபுத்தகத்தின் மேல் கைவைத்து, குண்டு முதுகில் நுழைந்து மார்பில் வெளியேறியது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். குற்றவாளிக் கூண்டில் சின்னண்ணன் தலைநிமிர்ந்தார். வாசற்படியருகே பெருமாயி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அத்தியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அரசு வக்கீல் அவசரப்படாமல் எழுந்தார்.

"உங்க வீட்டுக்கு விருந்தாளிகள் வருவாங்களா?"

"வருவாங்க."

"கிளம்பும்போது என்ன சொல்லிக்கிட்டுக் கிளம்புவாங்க?"

"வாரேன்னு சொல்லுவாங்க."

"போறேன்னு சொல்லமாட்டாங்களா?"

"அது அபசகுனங்க. யாரும் சொல்லமாட்டாங்க."

"அப்போ, வாசல்ல நின்னு 'வாரேன்'னு சொல்றவர் உள்ளே வர்றாரா, வெளியே போறாரா?"

தோமினிக்குக்குக் குழி தெரிந்தது. ஆனால் சத்தியம் செய்திருந்தார்.

"வெளியேதான் போறாரு."

"கனம் கோர்ட்டார் கவனிக்கணும். நம்ம பக்கத்துல வெளியே போறதுக்குத்தான் 'வர்றது'ன்னு பேர். சாட்சியே ஒத்துக்கிட்டார். குண்டு வந்த வழி முதுகு. ஆக, வெளியே போன வழி முதுகு."

"குண்டு விருந்தாளி இல்லீங்களே, ஐயா" என்றார் தோமினிக்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்" என்றார் ஜட்ஜ்.

தீர்ப்பில் கருணை இருந்தது. எதிரியைப் பின்னாலிருந்து தாக்காமல் நேருக்கு நேர் நின்று மார்பில் சுட்ட பண்பாட்டை முன்னிட்டு, சின்னண்ணனுக்குத் தூக்குக்குப் பதிலாக ஆயுள் தண்டனை கிடைத்தது. குழலில் கூடு கட்டிய குளவியைப் பற்றித் தீர்ப்பில் ஒன்றுமில்லை.

போலீஸ் வண்டியில் ஏறுமுன் சின்னண்ணன் திரும்பி, பெருமாயியைப் பார்த்து, "பையனப் பாத்துக்க. வாரேன்" என்றார். அரசு வக்கீல் சொன்ன அர்த்தம் அந்த ஜில்லாவில் முதல்முறையாக அன்றுதான் சரியாகப் பொருந்தியது. வேப்பமரத்தடியில் நின்ற தோமினிக்கிடமும், "வாரேனுங்க. நீங்க சொன்னீங்க, எனக்குத் தெரியுமுங்க" என்றார். வாரேன் என்று ஒருவர் சொன்னால் வாங்க என்று சொல்லி அனுப்புவது வழக்கம். தோமினிக்கால் சொல்ல முடியவில்லை. இருபது வருஷம் சொற்களோடு பிழைத்தவர், தேவையான நேரத்தில் ஒரு சொல்லை இரண்டாவது முறையாக விட்டார்.

மூன்று மாதம் கழித்து, ஜில்லா விழாவோடு சேர்த்து, சந்தைத் திடலில் நாச்சிமுத்துவின் சிலையைத் திறந்தார்கள். சட்டைப் பொத்தான்கள் அவிழ்ந்து, நெஞ்சில் சிவப்பு வண்ணத்தில் புண்ணோடு சேர்மன் கம்பீரமாக நின்றார். முதுகுப் பக்கம் வழவழப்பாக இருந்தது. புதுச் சேர்மன் அத்தியப்பன் தலைமை. தோமினிக்குக்குக் கோர்ட்டுச் சாட்சியத்தால் தலைமை எழுத்தர் பதவி போய்விட்டது. 'ஆட்சிமொழிச் செம்மல்' பட்டத்தை மட்டும் அச்சடித்த அழைப்பிதழில் அழிக்க முடியாததால், சால்வை வாங்க மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

மேடையில் ஏறிய தோமினிக்குக்குச் சில முன்னேற்றங்கள் கண்ணில் பட்டன. மேடைக்குப் பின்னால் புதிதாக ஆளுயரச் சுவர் எழுப்பி, சிமெண்ட் பூசியிருந்தார்கள். தடுப்பணைக்கு வந்த சிமெண்ட் முழுவதும் மாடிக்கே போய்விட்டது என்று ஊர் பேசியது அநியாயம், கொஞ்சம் மிஞ்சியிருந்திருக்கிறது. நாற்காலிகள் எல்லாம் அந்தச் சுவரோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தன. மைக் முன்விளிம்பிலிருந்து பின்னால் வந்து, சுவருக்கு ஒன்றரை அடியில் நின்றது. புது வைஸ் சேர்மனுக்கு மட்டும் மேடையில் இடமில்லை. அவருடைய நாற்காலி கீழே, முன்வரிசையில், சரியாகச் சின்னண்ணன் எழுந்து நின்ற இடத்தில் இருந்தது.

அத்தியப்பன் சுவரில் சாய்ந்தபடி புறமுதுகு காட்டாத இனத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு தோமினிக்குக்குச் சால்வை போர்த்தினார். போட்டோக்காரர் இருவரையும் சுவரைவிட்டுச் சற்று முன்னால் வந்து சேர்ந்து நிற்கச் சொன்னார். தோமினிக் மரியாதைக்காக அவருக்குப் பின்பக்கமாக நகர்ந்து நிற்கப் போனார்.

அத்தியப்பன் சட்டென்று திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது. "முன்னால வாங்க. என்ற பொறத்தால ஆரும் வரக்கூடாதுங்க."

மைக்கை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. திடல் முழுவதும் அது கேட்டது. தோமினிக் இந்த முறை ஒரு சொல்லையும் விடவில்லை.

"ஏனுங்க, குண்டு முன்னாலிருந்துதானுங்களே உள்ளே வரும்? கோர்ட்டே சொல்லிடுச்சே."

திடலில் ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்ற பெருமாயி பையனை இடுப்பில் தூக்கி, அவனுக்கு அத்தியப்பனைக் காட்டினாள். தீர்ப்பை ஜில்லாவே ஏற்றுக்கொண்டிருந்தது. அத்தியப்பனுடைய முதுகு மட்டும் ஏற்றுக்கொள்ளாமல், சுவரை நோக்கி இன்னும் அரையடி நகர்ந்தது.